ஒஃபர் போடமுதல்: மோட்கேஜ் முன் அனுமதி என்றால் என்ன, அதை எதுவரை நம்பலாம்?

ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ ஒரு தமிழ்க் குடும்பம் முதல் வீடு தேடத் தொடங்கினால் காரியங்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் நடக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் ஏஜென்ட்டோடு போய் நாலு வீடு பார்ப்பார்கள். மூன்றாவது வீடு பிடித்துவிடும். சாமிப்படம் வைக்க ஒரு மூலை, கோடையில் பயற்றையும் மிளகாயும் நட ஒரு துண்டுப் பின்வளவு, நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அங்கேயே நின்று அறைகளைப் பங்கு பிரித்துவிடுவார்கள். "செவ்வாய் இரவு ஒஃபர் எடுக்கினம், என்ன செய்யப் போறியள்?" என்பார் ஏஜென்ட். இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று விற்பவருக்கு எழுதிக் கொடுப்பதுதான் ஒஃபர். அப்போதுதான் யாராவது ஒருவர் கேட்பார்: வங்கி எங்களுக்கு எவ்வளவு தரும்?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பதால்தான் குடும்பங்கள் இடறுகின்றன. வீடு பார்க்கப் புறப்படமுதலே கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கி வைத்திருப்பதற்குப் பெயர்தான் மோட்கேஜ் முன் அனுமதி, பேச்சுவழக்கில் பிரி-அப்ரூவல். கனடாவில், குறிப்பாக ஒன்ராறியோவில், அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதிதாக வீடு வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

மோட்கேஜ் என்பது வீட்டை ஈடு வைத்து எடுக்கும் கடன். ஊரில் காணி உறுதியை ஈடு வைத்துக் காசு வாங்கியவர்களை நமக்குத் தெரியும், அடிப்படை அதேதான். ஆனால் இங்கே ஈடு வைக்கப்போகும் வீடு இன்னும் உங்களுடையதில்லை. அதை வாங்குவதற்கே கடன் கேட்கிறீர்கள். ஆகவே கடன் கொடுப்பவர் இரண்டு கேள்வி கேட்கிறார். இந்த ஆள் ஒழுங்காகக் கட்டுவாரா? கட்டாமல் விட்டால், இந்த வீட்டை விற்று என் காசை மீட்க முடியுமா?

முன் அனுமதி முதற்கேள்விக்கு மட்டுமே பதில். நீங்கள் இன்னும் எந்த வீட்டையும் தெரிவு செய்யவில்லை, அதனால் இரண்டாவது கேள்வியை யாரும் பார்த்திருக்கவே முடியாது. "எனக்கு அப்ரூவல் கிடைச்சிட்டுது" என்று ஒருவர் சொல்லும்போது, உண்மையில் கிடைத்திருப்பது பாதி அப்ரூவல். ஒஃபர் ஏற்கப்பட்டதும் முற்பணமாகக் கட்டும் டிப்போசிட் காசு பலருக்கு இந்த ஒரு விடயம் விளங்காததால் போயிருக்கிறது.

அந்தப் பாதியும் எல்லாருக்கும் முழுப் பாதியாகக் கிடைப்பதில்லை. வங்கியின் இணையத்தளத்தில் வருமானத்தைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் ஒரு தொகை வரும். தொலைபேசியில் ஒரு மோட்கேஜ் புரோக்கரிடம், அதாவது உங்களுக்காகக் கடன் தேடித்தருபவரிடம், கதைத்தாலும் வரும். அது வெறும் மதிப்பீடு. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரு தாளையும் பார்க்கவில்லை. கிரெடிட் அறிக்கையை எடுத்து, சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், வேலையிடம் தரும் வருடாந்த வருமானச் சீட்டான டி-4, வருமானவரித் திணைக்களம் அனுப்பும் நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்ட், வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்த பிறகு தருவதுதான் பெறுமதியான முன் அனுமதி. இரண்டுக்கும் ஒரே மாதிரியான கடிதம் வரலாம். ஆகவே புரோக்கரிடம் நேராகக் கேளுங்கள்: "என்ர பேப்பர்களை அண்டர்ரைட்டர் ஒருவர் பார்த்தவரா, இல்லையா?" அண்டர்ரைட்டர்தான் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்குள் இருந்து ஆம், இல்லை என்று முடிவெடுப்பவர். பல நிறுவனங்கள் முன் அனுமதிக் கட்டத்தில் அவரிடம் கோப்பைக் கொண்டுபோவதே இல்லை. அப்படியானால், நல்ல அனுபவமுள்ள புரோக்கர் ஒருவராவது ஒவ்வொரு தாளையும் அண்டர்ரைட்டரின் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். கணவனுக்கு வருடம் 80,000 டொலர், மனைவிக்கு 60,000. மொத்தம் 140,000. மாதத்துக்கு ஏறத்தாழ 11,667 டொலர். இது வரி கழிக்கமுன் உள்ள தொகை. வங்கி இதைத்தான் பார்க்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளத்தை அல்ல.

வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கையிருப்பு, அதாவது டவுன்பேமென்ட், போட்டால் கடனுக்குக் காப்புறுதி கட்டாயம். நீங்கள் கட்டாமல் விட்டால் கடன் கொடுத்தவரைக் காப்பது அது. அதைத் தருபவர்கள் மூவர்: அரசின் வீடமைப்பு நிறுவனமான சி.எம்.எச்.சி., தனியார் நிறுவனங்களான சேஜன், கனடா கரண்டி. காப்புறுதி செய்யப்படும் கடனுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. மோட்கேஜ் கட்டணம், வீட்டு வரி, சூடேற்றும் செலவு மூன்றும் சேர்ந்து மொத்த வருமானத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மற்றக் கடன்களையும் சேர்த்தால் 44 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

நம்முடைய தம்பதிக்கு 39 சதவீதம் என்பது மாதம் 4,550 டொலர். வீட்டு வரிக்கு 400, சூடேற்ற 150 என்று வைத்தால் மோட்கேஜுக்கு மிஞ்சுவது 4,000. வட்டி 4.5 சதவீதம், 25 வருடக் கடன் என்றால் இந்த 4,000 டொலர் ஏறத்தாழ 722,000 டொலர் கடனைத் தாங்கும். ஆனால் வங்கி அந்த வட்டியில் கணக்குப் போடாது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தரும் வட்டியோடு இரண்டு சதவீதம் கூட்டியது, அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அந்த வட்டியிலும் உங்களால் கட்ட முடியும் என்று காட்டவேண்டும். காப்புறுதிக் கடன்களுக்கு 2016 இலும், 20 சதவீதமோ அதற்கு மேலோ கையிருப்புப் போட்டு எடுக்கும் கடன்களுக்கு 2018 ஜனவரி முதலும் இந்த வகைச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. 6.5 சதவீதத்தில் போட்டால் அதே 4,000 டொலர் ஏறத்தாழ 597,000 டொலரைத்தான் தாங்கும். 125,000 டொலர் அப்படியே கழன்றுபோகிறது.

இனி அந்த வீட்டின் டிரைவ்வேயைப் பார்ப்போம். இரண்டு கார், இரண்டும் லீசில். ஒன்றுக்கு 650, மற்றதுக்கு 550. மாதம் 1,200 டொலர். 44 சதவீத வரம்பு 5,133 டொலர். அதில் வரியும் சூடேற்றும் செலவும் 550, கார்கள் 1,200 போக மோட்கேஜுக்கு மிஞ்சுவது 3,383 டொலர். கடன் 505,000 டொலருக்கு இறங்கிவிடும். இரண்டு கார் சேர்ந்து 92,000 டொலர் பெறுமதியான வீட்டைத் தின்றுவிட்டன. இதைச் சொன்னால் ஆக்கள் முதலில் நம்புவதில்லை. கணக்கைக் கண்முன்னே போட்டுக் காட்டினால்தான் முகம் மாறும். வீடு வாங்கும் எண்ணமிருந்தால், புதுக் காருக்குக் கையெழுத்து வைக்கமுன் முன் அனுமதிக்குப் போங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கியும், வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடனான லைன் ஒஃப் கிரெடிட்டும் இதே கணக்கில் வரும். பாக்கியில் மூன்று சதவீதத்தை மாதக் கட்டணமாக எடுப்பது வழக்கம். கொண்டோ (பொதுவாக நிர்வகிக்கும் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் வீடு), கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் மாத மெயின்டனன்ஸ் கட்டணத்தில் பாதியும் சேரும். மெயின்டனன்ஸ் 400 டொலர் என்றால் பாதி 200. நம் கணக்கில் அது கடனை இன்னொரு 30,000 டொலரால் குறைக்கும். முன் அனுமதிக் கடிதத்தில் ஒரு தொகை இருந்தாலும், வீட்டுக்கு வீடு அது மாறுவதற்கு இது ஒரு காரணம்.

கிரெடிட் ஸ்கோர் 300 இலிருந்து 900 வரை. ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன. சி.எம்.எச்.சி. கடன் எடுப்பவர்களில் ஒருவருக்காவது 600 கேட்கிறது. நல்ல வட்டி வேண்டுமென்றால் 680 க்கு மேல் இருப்பது நல்லது. நாலு இடத்தில் விசாரித்தால் ஸ்கோர் விழுந்துவிடும் என்று பயந்து ஒரே வங்கியோடு நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இரண்டு கிழமைக்குள் எல்லா இடத்திலும் விசாரித்து முடித்தால், மோட்கேஜுக்கான விசாரணைகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்கள், டிரக் ஓடுபவர்கள், உணவகம் நடத்துபவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் வலிக்கும். வரியைக் குறைக்கச் செலவுகளைக் கூட்டிக் காட்டியிருந்தால், வங்கியின் கண்ணுக்கும் வருமானம் குறைவாகத்தான் தெரியும். பொதுவாக இரண்டு வருட நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்ட் கேட்பார்கள். இன்றைக்கு நினைத்து நாளைக்குத் திருத்தக்கூடிய விடயமல்ல இது. வீடு வாங்க இரண்டு வருடம் இருக்கும்போதே கணக்காளரோடு கதைக்க வேண்டும். "கடிதம் நான் செய்து தாறன்" என்று சொல்கிறவர் எவராக இருந்தாலும், எந்தக் கோயிலில் கண்டு பழகியவராக இருந்தாலும், எழும்பி வந்துவிடுங்கள். பொய்யான வேலைக் கடிதத்தின் அடியில் விண்ணப்பகாரராகக் கையெழுத்து வைப்பது நீங்கள். அது குற்றம், பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

சீட்டுக் காசும் கலியாணக் காசும்

கையிருப்புப் பணம், டவுன்பேமென்ட், எவ்வளவு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் 500,000 டொலருக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 15 இலட்சம் டொலர் வரை 10 சதவீதம், 15 இலட்சம் டொலரும் அதற்கு மேலும் என்றால் முழு விலைக்கும் 20 சதவீதம். 2024 டிசெம்பர் 15 க்கு முன் இந்த மேல் எல்லை 10 இலட்சமாக இருந்தது. அதிகம் தெரியாதது இன்னொன்று: அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று மூன்று மாதத்துக்குக் காட்ட வேண்டும்.

நம்முடைய குடும்பங்கள் காசு சேர்க்கும் வழிகள் அழகானவை. சீட்டுப் பிடிப்போம். கலியாணத்தில் வந்த காசை உறையோடு எடுத்து வைப்போம். பெரியண்ணா பத்தாயிரம், சின்ன மாமி ஐயாயிரம் என்று கைகொடுப்பார்கள். ஊரில் ஒரு துண்டுக் காணி விற்றும் வரும். ஒவ்வொன்றும் நேர்மையான காசுதான். ஆனால் வங்கிக் கணக்கில் போன மாதம் திடீரென்று விழுந்த 30,000 டொலருக்கு ஒரு தாளும் இல்லையென்றால் அண்டர்ரைட்டர் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். பணச்சலவையைத் தடுக்கும் சட்டத்தின்கீழ், 2024 ஒக்டோபரிலிருந்து மோட்கேஜ் புரோக்கர்களுக்கும் பணச்சலவையைக் கண்காணிக்கும் அரசு நிறுவனமான ஃபின்ட்ராக்குக்கு அறிக்கையிடும் பொறுப்பு வந்திருக்கிறது. ஆகவே கேள்வி முன்னரைவிடக் கடுமையாகத்தான் வரும்.

சீட்டு எடுப்பதென்றால் காசாக அல்லாமல் வங்கி வழியாக எடுங்கள், எடுத்து மூன்று மாதமாவது கணக்கில் கிடக்க விடுங்கள். எடுத்த சீட்டுக்கு இனிக் கட்டவேண்டிய மாதக் காசு உண்மையில் ஒரு கடன் என்பதையும் மறக்காதீர்கள். வங்கி கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பெற்றோர், சகோதரர் தருவது அன்பளிப்பு என்றால் அதற்கென்று ஒரு கடிதம் இருக்கிறது. திருப்பித் தரத் தேவையில்லை என்று அவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். உண்மையில் திருப்பிக் கேட்கப்போகிற காசென்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். காணி விற்ற காசுக்கு உறுதியின் பிரதியும், காசு வங்கிக்கு வங்கி வந்த தடமும் வேண்டும். ஓய்வூதியச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கிலிருந்து முதல் வீட்டுக்காக ஆளுக்கு 60,000 டொலர் வரை எடுக்கலாம். முதல் வீட்டுக்கான சேமிப்பாக 2023 இல் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ. கணக்கில் வருடம் 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். இவற்றிலிருந்து காசு கைக்கு வரச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் அதையும் முற்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மச்சானுடைய கடனுக்கோ தங்கையுடைய கடனுக்கோ முன்னர் கோ-சைன் பண்ணியவர்கள், அதாவது சேர்ந்து கையெழுத்து வைத்தவர்கள், இதே இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய மோட்கேஜ் உங்கள் கிரெடிட்டில் உங்கள் கடனாகவே தெரியும். வீட்டு உறுதியிலும் உங்கள் பெயர் இருந்தால், முதல் வீடு வாங்குபவருக்கான சலுகைகள் சிலவும் கைவிட்டுப் போகலாம். உதவி செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். நம்மில் எத்தனையோ பேர் அப்படி ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் இந்த நாட்டில் காலூன்றினோம். ஆனால் முன் அனுமதிக்குப் போகும் நாளில் அதை மறைக்க முடியாது.

எல்லாம் சரிவந்தால் கடிதத்தில் ஒரு தொகை, ஒரு வட்டி வீதம், ஒரு முடிவுத் திகதி இருக்கும். அந்த வட்டியை 60 நாளிலிருந்து 130 நாள்வரை, நிறுவனத்தைப் பொறுத்து, உங்களுக்காகப் பிடித்து வைப்பார்கள். இடையில் வட்டி ஏறினாலும் உங்களுக்குப் பழைய வீதம். இறங்கினால் பெரும்பாலும் இறங்கியதைக் கேட்டு வாங்கலாம்.

கடிதத்தின் தொகையை உங்கள் எல்லையாக எடுக்காதீர்கள். நம் தம்பதியின் 140,000 டொலரில் வரியும் மற்றப் பிடிப்புகளும் போகக் கையில் வருவது மாதம் 9,000 டொலரை ஒட்டித்தான். பிள்ளைப் பராமரிப்பு, யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் காசு, பிள்ளையின் மிருதங்க வகுப்பு, இவை எதுவும் வங்கியின் கணக்கில் இல்லை. உங்கள் கணக்கில் இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். விற்பவரின் பக்கத்துக்குக் கடிதத்தைக் காட்டவேண்டி வந்தால், முழுத் தொகை தெரியாமல் காட்டும்படி ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். ஒருவரிடம் இன்னும் 40,000 டொலருக்கு இடமிருக்கிறது என்று தெரிந்தபின் எந்த விற்பனையாளர் விலையை இறக்குவார்?

ஒஃபர் இரவு

இங்கேதான் அந்த மற்றப் பாதி வருகிறது. ஒன்ராறியோவில் ஒஃபர் ஏற்கப்பட்டால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். வழக்கமாக 24 மணித்தியாலத்துக்குள் டிப்போசிட் கொடுக்க வேண்டும். ரொறன்ரோப் பக்கத்தில் விலையில் ஐந்து சதவீதம் என்பது பரவலான எதிர்பார்ப்பு. 800,000 டொலர் வீடென்றால் 40,000. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரி முதல், ஒரு தொகையைச் செலுத்திவிட்டு மூன்று வேலைநாட்களுக்குள் மனம் மாறலாம். ஒன்ராறியோவில் பில்டரிடம் புதுக் கொண்டோ வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஒருவர் இருந்த வீட்டை நாம் வாங்கும்போது அப்படி எதுவும் இல்லை. கையெழுத்துக் காய்ந்ததும் கட்டுப்பட்டுவிட்டோம்.

அதற்குள்ள ஒரே பாதுகாப்பு ஒஃபரில் நாம் எழுதிக்கொள்ளும் நிபந்தனை. கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற ஃபைனான்ஸ் கண்டிஷன் போட்டால், வழக்கமாக ஐந்து வேலைநாட்கள் கிடைக்கும். அந்த நாட்களில் வங்கி அந்தக் குறிப்பிட்ட வீட்டைப் பார்த்துவிடும். மதிப்பீட்டாளரை அனுப்பும், கொண்டோவென்றால் அந்தக் கட்டட நிர்வாகத்தின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் சேர்ட்டிஃபிக்கேட்டை வாசிக்கும். ஏதாவது பிழைத்துப்போனால் டிப்போசிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வரலாம்.

சந்தை சூடாக இருக்கும்போது, ஆறு ஏழு ஒஃபர் வரும் இரவில், நிபந்தனை போட்டவரை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். "கண்டிஷனை எடுங்கோ, உங்களிட்டத்தான் பிரி-அப்ரூவல் இருக்கே" என்ற வார்த்தை அந்த இரவில்தான் வரும். வீடு பிடித்த மனம், பிள்ளைகள் பங்கு பிரித்த அறை, பக்கத்தில் பேனை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேண்டியது, அந்தக் கடிதம் இந்த வீட்டைக் கண்டதே இல்லை என்பது.

கண்டபின் என்ன நடக்கலாம்? 2022 ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி விற்பனை விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. மார்ச்சில் கனடா மத்திய வங்கி 0.25 சதவீதத்திலிருந்து வட்டியை ஏற்றத் தொடங்கியது. யூலையில் அது 2.5 சதவீதம். சராசரி விலை அதே யூலையில் 11 இலட்சத்துக்குக் கீழே. பெப்ரவரியில் நிபந்தனையில்லாமல் கையெழுத்து வைத்து, கோடையில் குளோசிங் (மீதிக் காசைக் கட்டி வீட்டைக் கையேற்கும் நாள்) வைத்தவர்களுக்கு மதிப்பீட்டாளர் சொன்ன விலை வாங்கிய விலைக்குக் கீழே நின்றது. வங்கி எப்போதும் இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன் தரும். ஒருவர் 900,000 டொலருக்கு வாங்கி 20 சதவீதம், 180,000 டொலர் போடுகிறார் என்று வைப்போம். 720,000 கடன் எதிர்பார்க்கிறார். மதிப்பீடு 820,000 என்று வந்தால் அதில் 80 சதவீதம் 656,000. மீதி 64,000 டொலரை அவர் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அவருடைய வருமானத்திலோ கிரெடிட்டிலோ ஒரு குறையும் இல்லை. முன் அனுமதியும் பொய்யில்லை. வீடுதான் அந்த விலைக்கு நிற்கவில்லை.

கொண்டுவர முடியாமல் போனால் டிப்போசிட் போகும். அதோடு முடியாது. விற்பவர் அந்த வீட்டைப் பிறகு குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால், அந்த வித்தியாசத்துக்கும் வழக்குப் போடலாம்.

விலை மட்டுமல்ல, வீட்டின் சுபாவமும் சிக்கலாகலாம். நொப்-அண்ட்-டியூப் என்னும் பழங்கால மின்கம்பி வேலை, முன்னர் கஞ்சா வளர்த்த வீடு, கட்டடத் திருத்தங்களுக்கான சேமநிதி வற்றிய கொண்டோ, இவற்றைச் சில நிறுவனங்கள் தொடவே மாட்டா. பேஸ்மென்ட் வாடகையை நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் கவனம். அந்த வாடகையில் எவ்வளவைக் கணக்கில் எடுப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சட்டப்படி அனுமதி பெற்ற பேஸ்மென்ட்டா என்ற கேள்வி முதலில் வரும்.

அப்படியானால் நிபந்தனையில்லாமல் ஒஃபர் போடவே கூடாதா? என் எண்ணம் இது: மதிப்பீடு விலையில் பத்து சதவீதம் குறைந்து வந்தாலும் தாங்கக்கூடிய காசு உங்களிடமோ, மனமுவந்து தரக்கூடிய நெருங்கிய உறவிடமோ இருந்தால் போடலாம். இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஒஃபர் இரவுக்கு இரண்டு நாள் முன்பே முகவரியைப் புரோக்கருக்கு அனுப்பி, "இந்த வீட்டுக்கு, இந்த விலைக்கு, எந்த நிறுவனம் சரிவரும்?" என்று கேட்டாலே பாதி ஆபத்து முன்கூட்டித் தெரிந்துவிடும். பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையையும் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கலாம். காசு செலவில்லாத வேலை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

ஒஃபர் ஏற்கப்பட்டு வங்கி முழு அனுமதியும் தந்த பிறகு ஒரு அமைதிக் காலம் இருக்கிறது. குளோசிங்வரை இரண்டு மாதம், மூன்று மாதம். அந்தக் காலத்தில் எதையும் மாற்றாதீர்கள். புது வீட்டுக்கென்று சோபா செட்டைத் தவணையில் எடுப்பது, வேலை மாறி மூன்று மாத புரொபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) நிற்பது, தம்பியின் காருக்குக் கையெழுத்து வைப்பது, எல்லாமே கடனை மறுபடி கேள்விக்குள்ளாக்கும். குளோசிங்குக்குச் சில நாட்கள் முன் வேலையிடத்துக்கு மீண்டும் தொலைபேசி எடுத்துப் பார்க்கும் நிறுவனங்கள் உண்டு. எனக்கு நெருங்கிய ஒரு குடும்பம் குளோசிங்குக்கு மூன்று கிழமை இருக்கும்போது வீட்டுச் சாமான்களையெல்லாம் கடையின் தவணைத் திட்டத்தில் எடுத்துவிட்டது. வங்கி மறுபடி கிரெடிட்டை எடுத்துப் பார்த்தபோது வரம்பு தாண்டிவிட்டது. சாமான்களைத் திருப்பிக் கொடுத்து, கணக்கை மூடிய கடிதத்தை அனுப்பி, கடைசி நாட்களில்தான் காப்பாற்றினார்கள். அந்தக் கிழமை அந்த வீட்டு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியாக, சேர்த்த காசு முழுவதையும் டவுன்பேமென்டுக்கே கணக்கு வைக்காதீர்கள். காப்புறுதிக் கடன் எடுப்பவர், விலையில் 1.5 சதவீதம் குளோசிங் செலவுக்குத் தனியாக இருப்பதைக் காட்ட வேண்டும். நம் தம்பதி கார்க் கடன் இல்லாமல் 640,000 டொலருக்கு வாங்குகிறார்கள், 10 சதவீதம், 64,000 டொலர் போடுகிறார்கள் என்று வைப்போம். கடன் 576,000. காப்புறுதிக் கட்டணம் 3.1 சதவீதம், 17,856 டொலர். அது கடனோடு சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் கட்டணத்துக்கான 8 சதவீத மாகாண விற்பனை வரி, 1,428 டொலர், கையிலிருந்து போக வேண்டும். பிறகு காணி மாற்று வரி. ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே, மார்க்கத்தில், ஒன்ராறியோ வரி மட்டும் 9,275. முதல் வீட்டுக்கான 4,000 சலுகை போக 5,275 டொலர். அதே வீதிக்குத் தெற்கே ஸ்காபுறோவில் வாங்கினால் ரொறன்ரோ நகரமும் இன்னொரு 9,275 கேட்கும். அதில் 4,475 சலுகை போக 4,800. மொத்தம் 10,075 டொலர். வங்கி காட்டச் சொன்ன 1.5 சதவீதம் 9,600 தான். லோயரின் கட்டணமும், உறுதிக் காப்புறுதியும், சாமான் ஏற்றும் லொறியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.